கூலிக்காரனுக்குக் கற்பனை எதற்கு?

புதுவை வாசகசாலை ஒன்றில் நடந்த சம்பவம் இது.

பூட்டிக் கிடக்கும் பஞ்சாலை ஒன்றில் முப்பது வருஷம் ஸ்பின்னிங்கில் வேலை பார்த்த தொழிலாளி ஒருவர். ஆலை நின்றபின் இரவு வாட்ச்மேனாக இருக்கிறார். பகலில் தூக்கம் வராத நேரங்களில் வாசகசாலைக்கு வருவார். அன்று பேப்பரைப் படித்து மடித்து வைத்துவிட்டு, அலமாரியிலிருந்து ஒரு நாவலை எடுத்தார். சந்திர மண்டலத்துக்குப் பயணம் போகிற கதை. பக்கத்து நாற்காலிக்காரர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "அது பசங்க படிக்கிற புஸ்தகம்ண்ணே! நமக்கு வேலைக்கு ஆவுற மாதிரி எதுனா எடுங்க" என்றார். நம் தொழிலாளி கூச்சப்பட்டு, புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

சிரித்தவர் யார்? ஆலை முதலாளியா? இல்லை. பங்களாவாசியா? இல்லை. நம்மவர்தான். சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறவர், ஊர்வலத்தில் கொடி பிடிக்கிறவர். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது. முதலாளி சிரித்திருந்தால் இரண்டு வரியில் பதில் சொல்லி முடித்திருப்போம்.

"கூலிக்காரனுக்குக் கற்பனை எதற்கு?" இந்தக் கேள்வி முதலாளி வீட்டுத் திண்ணையில் பிறந்தது. உழைக்கிறவன் நாளைய கூலியை நினைக்கலாம், நாளைய உலகத்தை நினைக்கக் கூடாது என்பது அதன் உட்பொருள். அதே கேள்வியை இன்று நம் வாயாலேயே திருப்பிச் சொல்கிறோமே, அதுதான் வேதனை!

விஞ்ஞான நாவல், மாயக் கதை, இல்லாத தேசத்தைப் பற்றிய கதை, இவையெல்லாம் வேலையற்றவர்கள் படிக்கும் விஷயம் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். இந்த எண்ணம் தவறு என்கிறோம். தவறு மட்டுமல்ல, நமக்கே நஷ்டம் என்றும் சொல்கிறோம். எப்படி என்று பார்ப்போம்.

எட்டு மணி நேரமும் ஒரு நாள் கட்டுக்கதைதான்!

1936 ஜூலை 30. புதுவைத் தொழிலாளி மறக்க முடியாத நாள். எட்டு மணி நேர வேலை வேண்டும், சங்கம் வைக்கும் உரிமை வேண்டும் என்று நின்ற சவானா மில் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு ஆட்சி துப்பாக்கிப் பிரயோகம் செய்தது. பன்னிரண்டு தோழர்கள் மாண்டார்கள். அந்த ரத்தத்தின் விலையாகத்தான் எட்டு மணி நேர வேலை இந்த ஊரில் சட்டமாயிற்று. கடலூர் சாலை வழியாகப் போகும் ஒவ்வொருவரும் இதை அறிவார்.

ஆனால் இதற்கு முன் நடந்த ஒன்றைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. பொழுது விடியும் முன் ஆலைக்குள் நுழைந்து, இருட்டிய பிறகு வெளியே வந்த ஒரு தொழிலாளியை நினைத்துப் பாருங்கள். அவன் பிறந்தது முதல் கண்டதெல்லாம் அதுதான். அப்பன் கண்டதும் அதுதான். அப்படிப்பட்டவன் ஒரு நாள், வெயில் சாய்வதற்குள் வீட்டுக்கு வருவதையும், பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போவதையும் மனக்கண்ணில் கண்டான். அந்தக் காட்சி அவன் வாழ்க்கையில் எங்கே இருந்தது? எங்குமே இல்லை! கண்ணால் காணாத ஒன்றை அவன் மனத்தால் கண்டான். கற்பனை முதலில் வந்தது, கோரிக்கை அதன் பிறகு வந்தது, போராட்டம் அதற்கும் பிறகு. சட்டம் கடைசியில்தான் வந்து சேர்ந்தது.

உலகமெங்கும் இதே வரிசைதான். 1516-ம் ஆண்டு இங்கிலாந்தில் தாமஸ் மோர் என்பவர் 'உடோபியா' என்ற இல்லாத தீவைப் பற்றி எழுதினார. அந்தத் தீவில் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம்தான் வேலை. 1602-ல் இத்தாலியில் நேப்பிள்ஸ் சிறையில் கிடந்த கம்பனெல்லா என்ற துறவி 'சூரிய நகரம்' என்று ஒரு நகரத்தைக் கற்பனை செய்தார். அங்கே நாலு மணி நேரம் வேலை செய்தால் போதும். ஏனெனில் அங்கே உட்கார்ந்து தின்பவன் ஒருவனும் இல்லை, எல்லாரும் உழைக்கிறார்கள். சிறைச் சுவருக்குள் இருபத்தேழு வருஷம் கிடந்த மனிதன் இதை எழுதினான் என்பதை யோசித்துப் பாருங்கள்!

இன்னும் கிட்டே வருவோம். 1905-ம் ஆண்டு சென்னையிலிருந்து வெளிவந்த ஓர் ஆங்கிலப் பெண்கள் பத்திரிகையில் 'சுல்தானாவின் கனவு' என்ற கதை வந்தது. எழுதியவர் ரொக்கேயா சகாவத் ஹுசைன் என்ற வங்காளத்து முஸ்லிம் பெண்மணி. அவர் காட்டும் நாட்டில் ஆண்கள் அந்தப்புரத்தில் அடைபட்டிருக்கிறார்கள். பெண்கள் நாட்டை நடத்துகிறார்கள். சூரிய வெப்பத்தைச் சேர்த்து வைத்துச் சமைக்கிறார்கள். மின்சாரத்தால் வயலை உழுகிறார்கள். ஆகாயத்தில் வண்டி ஓட்டுகிறார்கள். அலுவலக வேலையோ இரண்டே மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. ஆண்கள் அதே வேலைக்கு நாள் முழுதும் எடுத்துக்கொண்டது ஏன் என்றால், பாதி நேரம் சுருட்டுப் பிடித்தே போக்கினார்களாம்!

பெண் கல்வி என்றாலே முகம் சுளித்த காலத்தில், பள்ளிக்கூட வாசலை மிதிக்காத ஒரு பெண் எழுதிய கதை இது. இன்று சூரிய ஒளியில் விளக்கு எரிகிறது, பம்புசெட் ஓடுகிறது. கதையை அன்று படித்துச் சிரித்தவர்கள் எத்தனை பேரோ!

ஆறு மணி, நாலு மணி, இரண்டு மணி. எட்டு மணியையே பன்னிரண்டாக்கப் பார்க்கும் இந்தக் காலத்தில் இந்தக் கணக்கு நமக்கு வேண்டாமா? 'வேலைக்கு ஆகாத புத்தகம்' என்கிறார்களே, வேலை நேரத்தைப் பற்றி இவ்வளவு தெளிவாகப் பேசிய புத்தகம் வேறு எது?

இது அந்நியச் சரக்கும் அல்ல

"இதெல்லாம் வெள்ளைக்காரன் கதை, நமக்கு ஒட்டாது" என்று இன்னொரு வாதம். அதையும் பார்த்துவிடுவோம்.

மணிமேகலையின் கையில் இருந்த அமுதசுரபி என்ன? அள்ள அள்ளக் குறையாத சோற்றுப் பாத்திரம். அப்படி ஒரு பாத்திரம் உலகில் உண்டா? இல்லை. ஆனால் பட்டினி என்பது தலைவிதி அல்ல, சோறு இருந்தால் தீரும் நோய் என்று சொல்வதற்குச் சாத்தனார் அந்தப் பாத்திரத்தைக் கற்பித்தார். அதோடு நிற்கவில்லை. மணிமேகலை அரசனிடம் கேட்டுச் சிறைச்சாலையை அறக்கோட்டமாக மாற்றினாள் என்றும் பாடினார். மாயக் கதைதான்! எந்த அரசன் சபையில் இதை வேறு விதமாகச் சொல்லியிருக்க முடியும்?

நம் ஊருக்கே வருவோம். 1908-ல் அடக்குமுறைக்குத் தப்பிப் புதுவைக்கு வந்த பாரதி இங்கேதான் பத்து வருஷம் வாழ்ந்தார். இங்கிருந்தபோது அவர் எழுதி 1910-ல் நூலாக வந்த 'ஞானரதம்' என்ன கதை? மனத்தையே ரதமாக்கி, அதில் ஏறிக் கந்தர்வ லோகம், சத்திய லோகம், தர்ம லோகம் என்று சுற்றி வரும் கதை. துப்பறியும் போலீஸ் வீட்டு வாசலில் நின்ற காலத்தில் பாரதி ரதம் ஏறினார். கோழைத்தனமா அது? இந்த உலகத்தின் கேவலத்தை அளக்க வேறோர் உலகத்தின் கோல் அவருக்கு வேண்டியிருந்தது.

1943-ல் புதுமைப்பித்தன் கடவுளையே சென்னைக்கு அழைத்து வந்தார். 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் கடவுள் காப்பி ஹோட்டலுக்குப் போகிறார், பிள்ளைவாள் வீட்டுக்குப் போகிறார், பிழைப்புக்கு வழி தேடுகிறார். சர்வ வல்லமை படைத்தவருக்கும் அந்தப் பட்டணத்தில் ஒரு பிழைப்புக் கிடைக்கவில்லை! விலைவாசியையும் வேலையில்லாத் திண்டாட்டத்தையும் பற்றிய நூறு தீர்மானங்கள் செய்யாத வேலையை இந்த ஒரு கதை செய்கிறது.

புத்தகம் என்றே பார்க்க வேண்டாம். பாகூரிலும் வில்லியனூரிலும் நடவு நடும் பெண்கள் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதைகள் எப்படிப்பட்டவை? பேசும் கிளி, ஏழு கடல் தாண்டிய அரக்கன், ராஜாவை ஏமாற்றும் ஏழைக் குடியானவன். 2021-ல் இந்தப் புதுவையிலேயே காலமான கி. ராஜநாராயணன் கரிசல் காட்டிலும் பிற இடங்களிலும் ஜனங்கள் வாயிலிருந்து இத்தகைய கதைகளைத் தேடித் தேடிச் சேர்த்து வைத்தார். கற்பனை எந்தக் காலத்திலும் நம் சொத்து. அதை அச்சில் கண்டதும் 'படித்தவர்கள் சமாசாரம்' என்று விலகி நிற்பானேன்?

கடலடியில் ஓர் இந்தியன்

பிரெஞ்சுக்காரன் நம்மை ஆண்டான். அவனுடைய நாட்டு எழுத்தாளர் ஜூல் வெர்ன் 1870-ல் 'கடலடியில் இருபதாயிரம் லீக்' என்ற நாவலை எழுதி முடித்தார். கப்பல்களை மோதி உடைக்கும் ஒரு நீர்மூழ்கி. அதன் தலைவன் கேப்டன் நெமோ. அந்த நீர்மூழ்கி நம் பக்கத்துக்கும் வருகிறது. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளிக்கும் ஏழை ஒருவனைச் சுறா பாய்ந்து தாக்குகிறது. நெமோ தன் உயிரைப் பணயம் வைத்துக் கத்தியோடு பாய்ந்து அவனைக் காப்பாற்றுகிறான், கை நிறைய முத்தும் கொடுத்து அனுப்புகிறான். ஏன் செய்தாய் என்று கேட்டதற்கு, அவன் ஒடுக்கப்பட்ட நாட்டின் மனிதன், நானும் மூச்சு உள்ளவரை அந்த நாட்டவன்தான் என்ற பொருளில் பதில் சொல்கிறான்.

யார் இந்த நெமோ? 1874-75-ல் வந்த 'மர்மத் தீவு' நாவலில் வெர்ன் முடிச்சை அவிழ்த்தார். நெமோ ஓர் இந்தியன்! பந்தேல்கண்டைச் சேர்ந்த இளவரசன் தக்கர், திப்பு சுல்தானின் உறவினன், 1857 கிளர்ச்சியில் வெள்ளையனை எதிர்த்துப் போரிட்டு எல்லாவற்றையும் இழந்தவன். உலகப் புகழ் பெற்ற விஞ்ஞான நாவலின் நாயகன் சாம்ராஜ்யத்தை எதிர்த்த இந்தியன் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? தெரியாமல் போனதற்கு யார் காரணம்? 'பசங்க படிக்கிற புஸ்தகம்' என்று சிரித்த நாம்தான்!

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். படிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு படிக்கக் கூடாது. பிரிட்டிஷ் கொடியின் கீழ் இந்தியன் படும் பாட்டுக்காகக் கண்ணீர் விட்ட இதே வெர்ன், 'எண்பது நாளில் உலகைச் சுற்றி' என்ற நாவலில், சந்திரநாகூரில் பறக்கும் பிரெஞ்சுக் கொடியைக் கண்டால் தன் கதாபாத்திரமான பிரெஞ்சுக்காரன் பெருமைப்பட்டிருப்பான் என்று எழுதினார். அடுத்தவன் கொடியென்றால் அடிமைத்தனம், தன் கொடியென்றால் பெருமை! புதுவை மக்களுக்கு இந்த வேடிக்கை உடனே புரியும். 1954 நவம்பர் 1 வரை அந்தக் கொடியின் கீழ்தானே இருந்தோம். பாரிஸ் பேராசிரியருக்குத் தட்டுப்படாத இந்த இடம் முதலியார்பேட்டைத் தொழிலாளிக்குத் தட்டுப்படும். ஆகவே அவன் படிக்க வேண்டும்.

இயந்திரம் யாருக்குச் சொந்தம்?

'ரோபோ' என்ற சொல் இன்று குழந்தை வாயிலும் வருகிறது. அது எங்கே பிறந்தது? செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாபெக் 1920-ல் எழுதிய 'ஆர்.யு.ஆர்.' என்ற நாடகத்தில். 'ரோபோத்தா' என்றால் அந்த மொழியில் என்ன பொருள் தெரியுமா? பண்ணையாள் ஜமீன்தாருக்குக் கூலியில்லாமல் செய்து தீர வேண்டிய கட்டாய வேலை. நம் ஊர்ப் பாஷையில் வெட்டி வேலை! பண்ணையடிமையின் வியர்வையிலிருந்து வந்த சொல் அது. விவசாயத் தொழிலாளி அந்தச் சொல்லை அந்நியமாக நினைக்க வேண்டியதில்லை.

நாடகத்தில் ஒரு கம்பெனி, மலிவான உழைப்புக்காக மனிதனைப் போன்ற உயிர்களைச் செய்து விற்கிறது. கூலி வேண்டாம், ஓய்வு வேண்டாம். தொழிலாளர்கள் வெளியே தள்ளப்படுகிறார்கள். லாபம் குவிகிறது. முடிவில் ரோபோக்கள் கிளர்ந்தெழுந்து மனித குலத்தையே அழிக்கின்றன. ஒரே ஒருவரை மட்டும் விட்டுவைக்கின்றன, கட்டட வேலை பார்க்கும் அல்க்விஸ்ட் என்ற முதியவரை. காரணம், அவர் தங்களைப் போலவே கையால் வேலை செய்கிறவர்!

1895-ல் எச்.ஜி. வெல்ஸ் எழுதிய 'கால இயந்திரம்' நாவலும் இதே கேள்வியைத்தான் கேட்கிறது. எட்டு லட்சம் ஆண்டுகளுக்கு அப்பால் மனித குலம் இரண்டு இனமாகப் பிரிந்து கிடக்கிறது. தரைமேல் உழைக்காமல் விளையாடித் திரியும் அழகர்கள். பூமிக்கடியில் இயந்திரங்களோடு இருட்டில் வாழ்கிறவர்கள். முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவே இருந்த பிளவு அகன்று அகன்று இப்படி ஆனது என்று கதை சொல்கிறவன் ஊகிக்கிறான். உழைப்பவன் சந்ததியை இருட்டில் வாழும் நரமாமிசப் பட்சிணியாகச் சித்திரித்த வெல்ஸிடம் நமக்குச் சண்டை உண்டு. ஆனால் அந்தப் பிளவை அவர் மூடி மறைக்கவில்லை.

இப்போது நம் ஊரைப் பாருங்கள். 1898-ல் தொடங்கிய ஏ.எஃப்.டி. ஆலை, பெரியவர்கள் ரோடியர் மில் என்று சொல்வது, 2020-ல் மூடப்பட்டது. சுதேசி, பாரதி ஆலைகளும் அதே ஆண்டில் மூடப்பட்டன. சங்கு ஊதி ஊரை எழுப்பிய இடங்களில் இன்று புதர் மண்டிக் கிடக்கிறது. வயலிலோ, பத்துப் பேர் அறுத்த இடத்தில் ஒரு அறுவடை இயந்திரம் இறங்குகிறது. கணினியே எழுதும், கணினியே கணக்குப் பார்க்கும், ஆள் எதற்கு என்று பேச்சு வந்துவிட்டது. செயற்கை நுண்ணறிவு என்கிறார்கள்.

இந்தப் பேச்சைக் கேட்டால் நாம் என்ன சொல்கிறோம்? ஒன்று, விதி என்று தலையில் கை வைக்கிறோம். அல்லது, இயந்திரமே வேண்டாம் என்கிறோம். இரண்டுமே பதிலாகாது. இயந்திரம் வந்ததால் மிச்சமாகும் நேரம் யார் வீட்டுக்குப் போகிறது? அது யாருக்குச் சொந்தம்? யார் உத்தரவுக்கு ஓடுகிறது? இந்தக் கேள்விகளை 1920-லேயே ஒரு நாடகம் மேடையில் வைத்தது. நூறு வருஷம் பழகிய கேள்வியோடு பேச்சுவார்த்தைக்குப் போகிறவன் ஏமாறமாட்டான். புதிதாகக் கேட்டுத் திகைக்கிறவன்தான் ஏமாறுவான்.

"மூட நம்பிக்கை வளராதா?"

நல்ல எண்ணத்தோடு கேட்கப்படும் கேள்வி இது. பேயையும் பில்லி சூனியத்தையும் எதிர்த்துப் பிரசாரம் செய்கிறோம். மாயக் கதை படியுங்கள் என்று நாமே சொல்லலாமா?

சொல்லலாம். மூட நம்பிக்கை நம்மிடம் என்ன கேட்கிறது? "நம்பு" என்கிறது. நம்பிவிட்டு உண்டியலில் காசு போடு என்கிறது. கற்பனைக் கதை கேட்பதோ வேறு. "இப்படி வைத்துக்கொள்வோம், பிறகு என்ன ஆகும்?" என்கிறது. முதலாவது மூளையைப் பூட்டுகிறது. இரண்டாவது திறக்கிறது.

இதற்குச் சாட்சி நம் ஊர்க்காரரே. 1891-ல் புதுவையில் பிறந்த பாரதிதாசன் 1930-ல் 'சஞ்சீவி பர்வதத்தின் சாரல்' வெளியிட்டார். அதில் இரண்டு மூலிகை. ஒன்றைத் தின்றால் உலகத்தார் பேசுவது காதில் விழும், மற்றொன்றைத் தின்றால் உலகக் காட்சி கண்ணில் தெரியும். வஞ்சியும் குப்பனும் தின்கிறார்கள். வெளிநாட்டார் பேசுவது கேட்கிறது. பிறகு நம் நாட்டில் ஒரு பாகவதர், அனுமார் சஞ்சீவி மலையைப் பெயர்த்த கதையைச் சொல்வது கேட்கிறது. தான் நிற்கும் மலையையே தூக்கிவிட்டார்கள் என்று குப்பன் நடுங்குகிறான். வஞ்சி சிரித்து, கதையைக் கதையென்று அறியச் சொல்லிப் புத்தி புகட்டுகிறாள். மாய மூலிகையை வைத்தே மாயத்தை உடைத்த காவியம் இது! மூட நம்பிக்கைக்கு எதிராக அவரைவிடவா நாம் கடுமையானவர்கள்?

லெனின் 1902-ல் எழுதிய 'என்ன செய்ய வேண்டும்?' நூலில், நாம் கனவு காண வேண்டும் என்றே வற்புறுத்தினார். கனவுக்காகப் பாடுபடுகிறவனுக்குக் கனவுக்கும் வாழ்க்கைக்கும் உள்ள தூரம் தீங்கு செய்யாது என்ற பிஸரேவின் கருத்தையும் எடுத்துக் காட்டினார். 1920-ல் அதே லெனினை மாஸ்கோவில் வெல்ஸ் சந்தித்தார். நாடு முழுவதும் மின்சாரம் கொண்டுவருவேன் என்று லெனின் சொன்னார். செவ்வாய் கிரகத்து ஜீவன்களைக் கற்பனை செய்த வெல்ஸுக்கு அது நம்ப முடியாத கனவாகப்பட்டது! பத்து வருஷம் கழித்து வந்து பாருங்கள் என்றார் லெனின். கனவு கண்டு எழுதியவர் ஒருவர், கனவை வேலைத் திட்டமாக்கியவர் மற்றொருவர்.

காது கேளாத பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் கலூகா என்ற சிற்றூரில் இருந்தார். பெயர் சியோல்கோவ்ஸ்கி. விண்வெளி ஆசையின் முதல் விதையைத் தன் மனத்தில் போட்டவர் ஜூல் வெர்ன் என்று அவரே சொல்லியிருக்கிறார். 1903-ல் ராக்கெட் கணக்கைப் போட்டார். விண்வெளியில் வாழ்வது பற்றி ஒரு நாவலும் எழுதினார். 1957 அக்டோபர் 4-ல் ஸ்புட்னிக் பறந்தது. 1963 ஜூன் 16-ல் விண்வெளிக்குச் சென்ற முதல் பெண் வாலண்டினா தெரஷ்கோவா யார்? பஞ்சாலைத் தொழிலாளி! நூல் பிடித்த கை. 2023 ஆகஸ்டு 23-ல் சந்திரனில் இறங்கிய சந்திரயான்-3 திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் யார்? நமக்குப் பக்கத்து விழுப்புரத்துக்காரர், ரயில்வே தொழிலாளியின் மகன். சந்திரனுக்குப் போகும் கதை பசங்க சமாசாரம் என்று இனியும் சிரிப்போமா?

நம் பக்கத்துத் தவறையும் ஒளிக்க வேண்டாம். ரஷ்ய எழுத்தாளர் ஸமியாதின் 1920-21-ல் எழுதிய 'நாங்கள்' என்ற நாவலில் மனிதர்களுக்குப் பெயர் இல்லை, எண்தான் உண்டு. வீட்டுச் சுவரெல்லாம் கண்ணாடி. அந்த நாவல் சோவியத் நாட்டில் அச்சேற 1988 வரை காத்திருக்க நேர்ந்தது. கற்பனையைக் கண்டு பயந்தது தவறு. பயந்தவர் யாராக இருந்தாலும் தவறு தவறுதான்.

எல்லாமே நல்லதா?

இல்லை. குப்பையும் ஏராளம். கோடீஸ்வரன் ஒருவனே உலகத்தைக் காப்பாற்றுவான், ஜனங்கள் கீழே நின்று கைதட்டுவார்கள் என்று சொல்லும் கதைகள் உண்டு. வேற்றுக் கிரகத்தைப் பிடித்து அங்கிருப்பவனைக் கொல்வதை வீரம் என்று சொல்லும் கதைகளும் உண்டு. இவற்றை இனம் காண்பது கஷ்டமல்ல. படிக்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். இந்தக் கதையின் உலகத்தில் சோறு ஆக்குவது யார்? உழைப்பவனுக்குப் பெயரும் பேச்சும் உண்டா? இந்த நாளை யாருக்கு நல்ல நாள்? இந்த மூன்று கேள்வியோடு படித்தால் குப்பையும்கூட நமக்குப் பாடம் சொல்லும்.

என்ன செய்வது?

புதுவையின் பொது நூலகம் 1827-ல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கியது. ஆரம்பத்தில் அது வெள்ளையருக்கு மட்டும்தான். நம்மவர் கால் அங்கே படக் கூடாது. இன்று அதற்கு ரொமேன் ரோலந்து நூலகம் என்று பெயர்; 1966-ல், அந்தப் பெரும் எழுத்தாளரின் நூற்றாண்டில் சூட்டிய பெயர். கதவு திறந்திருக்கிறது. பூட்டியிருந்தபோது கோபப்பட்ட நாம், திறந்த பிறகு பேப்பரை மட்டும் புரட்டிவிட்டுத் திரும்புவது நியாயமா?

கதைப் புத்தகம் இருக்கும் அலமாரிக்குப் போங்கள். பாரதியின் ஞானரதமும், பாரதிதாசனின் காவியமும், புதுமைப்பித்தன் கதைகளும் எடுங்கள். வெர்ன், வெல்ஸ் நாவல்களின் தமிழாக்கம் கேளுங்கள். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' படியுங்கள். பிள்ளை பெறவும் சர்க்கார் அனுமதி வேண்டிய ஒரு சர்வாதிகார நாடு, அதில் புத்தகம் படிக்கும் ஓர் இயந்திர நாய். சுஜாதா நம் அணியில் நின்றவர் அல்லர். ஆனால் சர்வாதிகாரம் எப்படி இனிப்புத் தடவி வரும் என்று விறுவிறுப்பாகச் சொல்லியிருக்கிறார். பிள்ளைகளுக்கு, பக்கத்துக் கடலூரைச் சேர்ந்த ஆசிரியர் ஆயிஷா நடராசன் எழுதி 2014-ல் பால சாகித்திய விருது பெற்ற 'விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்' கொடுங்கள். கேட்கும் புத்தகம் இல்லையென்றால் சும்மா திரும்பாதீர்கள். வாங்கி வைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். ஒருவர் கேட்டால் மறந்துவிடுவார்கள், ஐம்பது பேர் கையெழுத்திட்டுக் கேட்டால் மறக்க முடியாது.

"எழுத்துக் கூட்டிப் படிக்கவே வராதே" என்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கும் வழி உண்டு. கியூபாவில் 1865 முதல் சுருட்டுத் தொழிலாளர்கள் வேலை செய்துகொண்டே நாவல் கேட்டார்கள். ஒருவர் உயர்ந்த இடத்தில் உட்கார்ந்து உரக்கப் படிப்பார். அவர் கூலியைத் தொழிலாளர்களே தங்கள் கூலியிலிருந்து கொடுப்பார்கள். பயந்துபோன ஆட்சி மறு ஆண்டே அதைத் தடை செய்தது. தடை நிலைக்கவில்லை. பக்கத்துக் கேரளத்தில் பீடித் தொழிலாளர்கள் ஒருவரைப் படிக்கச் சொல்லிவிட்டு, அவர் சுற்ற வேண்டிய பீடியை மற்றவர்கள் பகிர்ந்து சுற்றினார்கள். நம் சங்க அலுவலகத்திலும், ஏரிக்கரை ஆலமரத்தடியிலும் வாரம் ஒரு மாலை இதைச் செய்ய என்ன தடை? பள்ளிக்கூடம் போகும் பெண் படிக்கட்டும், தாயும் தகப்பனும் கேட்கட்டும். கேட்டு முடித்ததும் விவாதிக்கட்டும்.

தோழர்களே! நம்மிடமிருந்து நிலத்தைப் பறித்தார்கள், வேலையைப் பறித்தார்கள். நாளை எப்படி இருக்க வேண்டும் என்று எண்ணிப் பார்க்கும் உரிமையையும் பறிகொடுத்துவிட்டால், பிறகு அவர்கள் எழுதிக் கொடுக்கும் நாளைதான் நமக்கு. அந்த உரிமைக்கு வரியில்லை, வாடகையில்லை; நூலக அட்டை ஒன்று போதும்.

அந்த வாட்ச்மேன் தோழருக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் திருப்பி வைத்த புத்தகம் அதே அலமாரியில்தான் இருக்கிறது. நாளைக்குப் போய் எடுங்கள். யாராவது சிரித்தால், அவரையும் பக்கத்தில் உட்கார வைத்து முதல் அத்தியாயத்தை உரக்கப் படியுங்கள்!